மேடைக் குரலும் குளோசப் முகமும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஸ்பெஷல் நாடகத்தில் (தனித்தனி நடிகர்கள் ஒரு ராத்திரிக்கு ஒன்றுசேர்ந்து ஆடும் மேடை நாடகம்) பன்னிரண்டு வருடமாக ஸ்திரீபார்ட், அதாவது கதாநாயகி வேடம். முதல் ஷூட்டிங்கில் "ஓவர், குறைங்க" என்றே சொன்னார்கள். எதைக் குறைப்பது?
- வாசகி, புதுக்கோட்டை

பதில்: அப்படிச் சொல்பவர்கள் எதை என்று சொல்வதில்லை, அதுதான் தொல்லை. முதலில் ஷாட் எவ்வளவு அகலம் என்று உதவி இயக்குநரிடம் கேளுங்கள். முழு உருவமும் தெரியும் லாங் ஷாட்டில் உங்கள் மேடை உடல் அப்படியே செல்லும். இடுப்புக்கு மேல் என்றால் கை அசைவு பாதி போதும். குளோசப்பில் கை வேண்டாம், தலையும் ஆட வேண்டாம். ஒரு அங்குலம் அசைந்தாலே போகஸ் நழுவும்.

அடுத்தது பார்வை. நாடகத்தில் தொங்கும் மைக்கை நோக்கி நகர்ந்து, வசனத்தைச் சபைக்குத் திருப்பிப் பேசுவீர்கள். இங்கே அந்தப் பழக்கம் கேமராவை நோக்கித் திருப்பிவிடும். எதிரே நிற்பவரின் இரண்டு கண்களையும் மாறி மாறிப் பார்த்தால் திரையில் விழி ஓடுவது போலத் தெரியும். கேமராவுக்குப் பக்கத்தில் இருக்கிற ஒரு கண்ணை மட்டும் பாருங்கள்.

குரல்? மூன்றடி தள்ளி நிற்பவருக்குக் கேட்டால் போதும். ஆனால் கிசுகிசுக்காதீர்கள். மூச்சும் உச்சரிப்பும் மேடையில் இருந்தது போலவே இருக்கட்டும், அளவு மட்டும் இறங்கட்டும். டப்பிங் பின்னால்தானே என்று தளத்தில் முணுமுணுத்தால், முகத்தில் இல்லாத வேகத்தை டப்பிங் அறையில் ஒட்ட முடியாது.

பலர் மாட்டிக்கொள்வது கன்டின்யூட்டியில், அதாவது ஷாட்டுக்கு ஷாட் எல்லாம் ஒத்துப்போவதில். காட்சி முழுவதையும் அகலமாக எடுக்கும் மாஸ்டர் ஷாட்டில் எந்தச் சொல்லில், எந்தக் கையால் டம்ளரை எடுத்தீர்களோ, ஐந்தாவது டேக்கிலும் அதே சொல், அதே கை. மேடையில் ராவுக்கு ராவு மாற்றினால் சபை கைதட்டும். இங்கே எடிட்டர் அந்த ஷாட்டைத் தூக்கிவிடுவார், உங்கள் நல்ல நடிப்போடு சேர்த்து. நீங்கள் நிற்க வேண்டிய இடத்தைக் காட்டத் தரையில் ஒட்டிய மார்க்கைக் குனிந்து பார்க்காமல் வந்து நிற்க, மார்க்கில் நின்று பின்பக்கமாக நடந்து அடியை எண்ணிக்கொள்ளுங்கள்.

கேள்வி: மனோரமாவுக்கு நாடகம் எந்த வகையில் கைகொடுத்தது?
- வாசகர், காரைக்குடி

பதில்: உங்கள் ஊருக்குப் பக்கத்துப் பள்ளத்தூரில் வளர்ந்து, நாடகங்களில் நடித்து, 1958-ல் 'மாலையிட்ட மங்கை' மூலம் சினிமாவுக்கு வந்தவர். நாடகம் தந்த பெரிய சொத்து, வசனத்துக்கு நடுவே விடுகிற இடைவெளி. மேடையில் சிரிப்பு உச்சிக்குப் போய் இறங்கத் தொடங்கும்போது அடுத்த வரியை எடுக்க வேண்டும். முந்தினால் வரி மூழ்கும், பிந்தினால் சபை ஆறிவிடும். தளத்தில் சிரிக்க ஆள் கிடையாது, அந்த இடைவெளியை மனக்கணக்கில் விட வேண்டும். 1968-ல் வந்த 'தில்லானா மோகனாம்பா'ளின் ஜில் ஜில் ரமாமணி நாடகக்காரப் பாத்திரமே. அங்கே மேடை அளவைக் குறைக்காமல் விட்டதுதான் சரி.

கேள்வி: கே.பி.சுந்தராம்பாளுக்கு ஒரு படத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் கொடுத்தார்களாமே?
- வாசகர், ஈரோடு

பதில்: ஆமாம், 1935-ல் வெளிவந்த 'நந்தனா'ருக்கு. அதில் அவருக்கு ஆண் வேடம், நந்தனாரே அவர்தான். சினிமா உண்டாக்கிய விலை அல்ல அது. கணவரும் நாடகப் பாடகருமான எஸ்.ஜி.கிட்டப்பாவோடு மேடையிலும் இசைத்தட்டிலும் சேர்த்த பெயருக்கு சினிமா கொடுத்த விலை. 1933-ல் கிட்டப்பா மறைந்தபின் ஒதுங்கியிருந்தவரை அழைத்துவர வேண்டியும் இருந்தது. அந்த மேடைப் பெயர் குரலால் வந்தது. மைக் இல்லாத கொட்டகையில் கடைசி வரிசையை எட்ட, அன்று ஆண்களே நாலைந்து கட்டையில் (கட்டை என்பது சுருதியின் உயரம்) பாடினார்கள். இன்று ஆண் பாடகர்கள் பெரும்பாலும் ஒன்று, இரண்டு கட்டையில் நின்றுகொள்கிறார்கள்.

கேள்வி: சினிமாவில் முகம் தெரிந்துவிட்டது. நாடகத் தேதிகளையும் விட மனமில்லை. எப்படிச் சமாளிப்பது?
- வாசகி, மதுரை

பதில்: பங்குனியில் தொடங்கி ஆடி வரை கோயில் திருவிழா. அந்த மாதங்களில் ஒப்புக்கொண்ட ராத்திரிகளை ஒரு தாளில் எழுதி, சினிமா ஒப்பந்தத்துக்கு முன்பே படக் கம்பெனி மேனேஜரிடம் கொடுங்கள். விடிய விடிய ஆடிவிட்டுக் காலை கால்ஷீட்டுக்கு ஓடாதீர்கள்: தொண்டை கட்டும், கண் வீக்கம் குளோசப்பில் மறையாது. எத்தனை நாள், டப்பிங் அதில் சேர்த்தியா, தேதி தள்ளிப்போனால் என்ன என்ற மூன்றும் எழுத்தில் இருக்கட்டும். முகம் தெரிந்ததும் கிராமத்தில் நாடகச் சம்பளத்தைக் கூட்டிக் கேட்கலாம், தப்பில்லை. ஆனால் முன்பணம் வாங்கிய ராத்திரியை சினிமாவுக்காகக் கைவிட்டால் அடுத்த வருடம் அந்த ஊர் கூப்பிடாது.

கேள்வி: மேடை மேக்கப்பையே ஷூட்டிங்குக்கும் போடலாமா?
- வாசகி, திண்டுக்கல்

பதில்: கூடாது. தூரத்துக்காகப் போட்ட தடித்த மையும் கன்னச் சிவப்பான ரூஜும் இன்றைய கேமராவில் பூசியது பூசியபடி தெரியும். கழுத்தும் காதும் முகத்தின் நிறத்தில் இருக்கின்றனவா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். மற்றதை மேக்கப்மேன் பார்த்துக்கொள்வார்.