கொலுசுப் பட்டறைக்கு எழுதின சாப்ட்வேர் யாருக்கு சொந்தம்?

கேள்வி: சார், காலேஜ் முடிச்சிட்டு வீட்ல இருந்தே கோடிங் பண்றேன். இங்க ஒரு கொலுசுப் பட்டறைக்கு வெள்ளி எடை, சேதாரம், கூலி எல்லாம் கணக்கு போடற சாப்ட்வேர் பண்ணிக் குடுத்தேன், இப்ப ஓனர் அதை காப்பி போட்டு சொந்தக்காரங்க பட்டறைக்கெல்லாம் குடுத்துட்டாரு. கேட்டா "காசு குடுத்தேன்ல"ங்கறாரு. எழுத்துல எதுவும் இல்ல. என்ன பண்றது?
- ஒரு வாசகர், செவ்வாய்ப்பேட்டை, சேலம்

பதில்: காசு குடுத்துட்டா எல்லாம் அவருதுன்னு ஆகாது தம்பி. 1957 காப்பிரைட் சட்டத்துல கம்ப்யூட்டர் புரோகிராமும் கதை கவிதை மாதிரி இலக்கியப் படைப்புதான் (சிரிக்காதீங்க, நிஜம்), எழுதினவுடனே உரிமை வந்துரும், பதிவு பண்ணியே ஆகணும்னு இல்ல. நீங்க அவர்கிட்ட மாசச் சம்பளத்துக்கு இருந்திருந்தா கதை வேற, அப்ப பொதுவா முதலாளிக்குத்தான் போகும். மத்தபடி உரிமையை மாத்தணும்னா எழுத்துல, உங்க கையெழுத்தோட வேணும், அதனால பேப்பர் இல்லைங்கறது இப்ப உங்களுக்குத்தான் சாதகம். அவர் பட்டறைல அவர் ஓட்டிக்கலாம், ஊருக்கெல்லாம் குடுக்கறதுதான் தப்பு.

ஒண்ணு மட்டும், சேதாரக் கணக்குங்கற ஐடியாவுக்கு காப்பிரைட் கிடையாது, வேற பையன் தானா உக்காந்து அதே மாதிரி எழுதினா விட்ரணும்.

கிட் ஹிஸ்டரி (கோடுல எப்ப என்ன மாத்துனீங்கன்னு காட்டற வரலாறு), வாட்ஸ்அப், பணம் வந்த ரசீது எதையும் அழிக்காதீங்க. பதிவும் பண்ணிருங்க, கோர்ட்ல உதவும், ஆன்லைன்லயே பண்ணலாம், சோர்ஸ் கோடுல (அதாவது நீங்க எழுதின புரோகிராம் வரிகள்ல) முதல் 10 பக்கம், கடைசி 10 பக்கம் குடுக்கணும். அப்புறம் வக்கீல் நோட்டீஸ். அதுக்கும் முன்னாடி ஒருதடவை நேர்ல போய், ஒவ்வொரு பட்டறைக்கும் இவ்ளோ லைசென்ஸ் காசுன்னு கேட்டுப் பாருங்க, வியாபாரிக்கு அது சட்டுனு புரியும்.