சார்ட் பேப்பரும் சந்துப்புள்ளியும்

அன்புள்ள ஐயா,

வேளச்சேரியில் எங்கள் குடியிருப்பில் பொங்கலை ஒட்டி, 'நம் மரபு' என்று ஒரு கூட்டு ஓவியம் வைத்தோம். பெரிய சார்ட் பேப்பர், பத்துப் பேர், எல்லா வயதும். கடைசியில் வந்தது ஒரு கோபுரம், ஒரு பானை, இரண்டு கரும்பு. ஓய்வுபெற்ற சார் ஒருவர் ஸ்கெட்ச் பேனாவை வாங்கியவர் திருப்பித் தரவே இல்லை. யாரும் யாரோடும் பேசிக்கொள்ளவும் இல்லை. எங்கே தப்பு?

- ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

'மரபை வரை' என்றால் காலண்டரில் பார்த்ததைத்தான் வரைவார்கள். நானும் அதைத்தான் வரைவேன்.

மயிலாப்பூரில் ஒரு மொட்டைமாடியில் நாங்கள் ஆடியதைச் சொல்கிறேன். இருவர் முதுகோடு முதுகு ஒட்டி உட்கார வேண்டும். ஒருவர் தனக்குத் தெரிந்த கோலத்தை வாயால் சொல்ல, மற்றவர் திரும்பிப் பார்க்காமல் வரைய வேண்டும். ஒரு பாட்டி, "15 புள்ளி, 8 வரைக்கும் சந்துப்புள்ளி" என்றார். கல்லூரிப் பெண் சதுரமாக 15 வரிசை வைத்துவிட்டாள். "சந்துன்னா என்ன பாட்டி?" பக்கத்தில் ஒருவர், "இடைப்புள்ளிம்மா." இன்னொருவர், "எங்க ஊர்ல ஊடுபுள்ளி." எல்லாம் ஒன்றுதான். நடு வரிசையில் 15. மேலும் கீழும் ஒவ்வொன்றாகக் குறைந்து 8. இரண்டு புள்ளிக்கு இடையில் அடுத்த வரிசைப் புள்ளி. எந்த ஊர், யாரிடம் கற்றது என்று பேச்சு அரை மணி நேரம் ஓடியது. கோலத்தை யாரும் முடிக்கவில்லை.

சிக்குக் கோலத்துக்குப் போனால் இன்னும் வேடிக்கை. "இதைச் சுத்தி, அப்படியே கீழ வந்து, இல்ல இல்ல, உள்ள..." பாட்டியின் விரல் காற்றில் சரியாக ஓடுகிறது, வார்த்தை மட்டும் வரவில்லை. அறுபது வருடம் தினமும் போட்ட கோலத்தை அவர் யாருக்கும் சொல்லிக் கொடுத்ததில்லையாம். பார்த்துக் கற்பதுதானே வழக்கம்!

கூட்டம் பெரிதென்றால் தாளை மடித்து வரையும் ஆட்டம் இருக்கிறது. 1925 வாக்கில் பாரிஸில் சர்ரியலிஸ்டுகள், அதாவது கனவையும் ஆழ்மனதையும் கலையாக்கிய ஓவியர்களும் கவிஞர்களும், ஆடியது. ஒருவர் வரைந்து, அதை மறைத்து மடித்து அடுத்தவரிடம் தருவார்; முந்தையவர் விட்ட கோட்டின் நுனி மட்டும்தான் அடுத்தவருக்குத் தெரியும். 'நீங்கள் பிறந்த வீட்டின் வாசல்' என்று மட்டும் சொல்லுங்கள். திண்ணை ஹவுசிங் போர்டு மாடிப்படியில் போய் முடியும். தாளைப் பிரித்ததும் அவரவர் வாசலைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்கள்.

அப்புறம் அந்த ஓய்வுபெற்ற சார். முதலில் சொன்ன கோல ஆட்டத்தில் அவரை, சொல்வதைக் கேட்டு வரைபவராக உட்கார வையுங்கள், பாட்டி யாராவது சொல்லட்டும். பேனா அவர் கையில்தான் இருக்கும், அவருக்கும் குறை இருக்காது.