வாசகர் கேள்வி – பதில்: வீட்டில் ஒயின் தயாரித்தலும் சுவைத்தலும்

வீட்டில் முதன்முறையாக ஒயின் தயாரிக்க முற்படும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில், பலருக்கும் பொதுவானவற்றை இந்தப் பகுதிக்கு எடுத்துக்கொண்டிருக்கிறோம். சொந்தப் பயன்பாட்டுக்காக வீட்டில் ஒயின் தயாரிக்க அனுமதி உண்டா, உண்டென்றால் எவ்வளவு என்பது நாட்டுக்கு நாடு வேறுபடும். அதைத் தெரிந்துகொண்ட பிறகே பாத்திரத்தைக் கழுவத் தொடங்க வேண்டும்.

கேள்வி: உண்பதற்காக விற்கப்படும் திராட்சையில் ஒயின் செய்யலாமா? சர்க்கரை எவ்வளவு சேர்ப்பது? ஒருவர் பழத்தின் எடைக்குச் சமமாகப் போடு என்கிறார், மற்றொருவர் பாதி போதும் என்கிறார்.

பதில்: செய்யலாம். ஆனால் இருவர் சொல்லும் அளவையும் ஒதுக்கிவிட்டு, உங்கள் கையில் இருக்கும் சாற்றில் ஏற்கெனவே எவ்வளவு சர்க்கரை இருக்கிறது என்பதிலிருந்து கணக்கைத் தொடங்குங்கள். ஒரு லிட்டர் சாற்றில் ஏறத்தாழ 17 கிராம் சர்க்கரை நொதித்தால் ஒரு விழுக்காடு மதுச்சாரம் உண்டாகும். ஒயினுக்கென்றே வளர்க்கப்படும் திராட்சை நன்கு பழுத்திருந்தால் அதன் சாற்றில் லிட்டருக்கு 220 முதல் 250 கிராம் வரை சர்க்கரை இருப்பதால் வெளியிலிருந்து எதுவும் சேர்க்கத் தேவையில்லை. உண்ணும் திராட்சையில் அது பெரும்பாலும் 150 முதல் 180 கிராம் வரையில்தான் இருக்கும். உங்கள் சாற்றில் 170 கிராம் இருந்தால் அதிலிருந்து 10 விழுக்காடு மதுச்சாரமே வரும். அதை 12 விழுக்காடாக உயர்த்த லிட்டருக்கு 34 கிராம், அதாவது 5 லிட்டர் சாற்றுக்கு 170 கிராம் சர்க்கரை போதும்.

பழத்தின் எடைக்குச் சமமாகச் சர்க்கரையைக் கொட்டினால் என்ன ஆகும்? அடர்ந்த சர்க்கரைக் கரைசல், சர்க்கரையை மதுச்சாரமாக்கும் நுண்ணுயிரான ஈஸ்ட்டின் உடலிலிருந்து நீரை உறிஞ்சி அதைத் தொடக்கத்திலேயே திணறடிக்கிறது. தப்பிப் பிழைத்தவையும் மதுச்சாரம் ஏறியதும் பாதி வழியில் நின்றுவிடுகின்றன. எஞ்சுவது மதுச்சாரம் கலந்த சர்க்கரைப் பாகு. அதையே ஒயின் என்று குடித்துப் பழகியவர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள் என்பது வேறு விஷயம்.

சாற்றில் உள்ள சர்க்கரையைக் கண்ணால் மதிப்பிட முடியாது. அதற்கு ஹைட்ரோமீட்டர் என்னும் மிதவைக் கருவி வேண்டும். நீரில் 1.000 என்று காட்டும் இந்தக் கருவி, சர்க்கரை மிகுந்த சாற்றில் உயர்ந்து மிதந்து 1.090 என்பதுபோல் காட்டும். நொதித்தல் முடிந்த ஒயினில், மதுச்சாரம் நீரை விட எடை குறைந்தது என்பதால், 0.994 வரை இறங்கிவிடும். இரண்டு அளவுகளுக்கும் உள்ள வேறுபாட்டை 131 ஆல் பெருக்கினால் மதுச்சாரத்தின் விழுக்காடு கிடைத்துவிடும். மேற்சொன்ன எண்களுக்கு அது சுமார் 12.6. தொடக்கநிலையாளர் ஒரே ஒரு கருவிதான் வாங்க முடியும் என்றால் நான் இதைத்தான் வாங்கச் சொல்வேன்.

சர்க்கரையோடு புளிப்பையும் கவனிக்க வேண்டும். சாற்றின் பிஎச் அளவு (புளிப்பு கூடக் கூடக் குறையும் எண்) 3.2 முதல் 3.6 வரை இருப்பது நல்லது. புளிப்பு குறைந்த சாற்றில் ஒயின் மந்தமாகச் சுவைப்பதோடு, வேண்டாத பாக்டீரியாக்களுக்கும் அது இடம் கொடுக்கிறது. புளிப்பு குறைவாக, அதாவது பிஎச் 3.6க்கு மேல் இருந்தால், திராட்சையிலேயே உள்ள டார்டாரிக் அமிலத்தை லிட்டருக்கு ஒரு கிராம் என்ற அளவில் கலந்து, அளந்து பார்த்து, பிறகு தேவையானால் மேலும் சேர்க்கலாம்.

கேள்வி: திராட்சைத் தோலிலேயே ஈஸ்ட் இருக்கிறதே, தனியாகச் சேர்க்க வேண்டுமா? ரொட்டிக்குப் பயன்படுத்தும் ஈஸ்ட் போதாதா?

பதில்: தோலில் இருப்பவை பெரும்பாலும் காட்டு ஈஸ்ட்டுகள். அவை முதல் இரண்டு மூன்று நாட்கள் சுறுசுறுப்பாக நுரைத்துவிட்டு, மதுச்சாரம் நான்கைந்து விழுக்காட்டை எட்டியதும் மடிந்துவிடுகின்றன. மீதியைச் செய்து முடிக்கும் சக்கரோமைசிஸ் செரிவிசியே என்ற இனம் தோலில் மிகக் குறைவாகவே இருக்கும். அது பெருகி வருவதற்குள் வேறு நுண்ணுயிர்கள் முந்திக்கொள்ளலாம். அனுபவசாலிகள் காட்டு ஈஸ்ட்டிலேயே அருமையான ஒயின் செய்கிறார்கள். முதல் முயற்சியில் அந்தச் சூதாட்டம் தேவையில்லை.

ரொட்டி ஈஸ்ட்டும் அதே இனம்தான், ஆனால் வேறொரு வேலைக்காகத் தேர்ந்தெடுத்து வளர்க்கப்பட்ட வகை. அது மதுச்சாரத்தை ஒயின் ஈஸ்ட் அளவுக்குத் தாங்காது, அடியில் இறுகப் படியாமல் கலங்கிக்கொண்டே இருக்கும், மாவு வாசனையையும் விட்டுச்செல்லும். ஒயின் ஈஸ்ட்டின் 5 கிராம் பொட்டலம் ஒன்று ஏறத்தாழ 20 லிட்டர் சாற்றுக்குப் போதும். அதை 35 முதல் 40 டிகிரி செல்சியஸ் வரையுள்ள வெதுவெதுப்பான நீரில் கால் மணி நேரம் ஊறவிட்டு, சிறிது சிறிதாகச் சாற்றைக் கலந்து சூட்டைத் தணித்த பிறகே முழுச் சாற்றில் ஊற்ற வேண்டும். சிவப்பு ஒயின் 20 முதல் 30 டிகிரியிலும் வெள்ளை ஒயின் அதைவிடக் குளிர்ந்த 12 முதல் 18 டிகிரியிலும் நொதிப்பது நல்லது. வெப்பம் 35 டிகிரியைத் தாண்டினால் ஈஸ்ட் தளர்ந்துவிடும்.

கேள்வி: நன்றாக நொதித்த என் ஒயின் ஒரே மாதத்தில் காடியாக மாறிவிட்டது. பாத்திரம் சுத்தமாகத்தான் இருந்தது. தவறு எங்கே?

பதில்: காற்றில். ஒரே காற்று முதல் வாரத்தில் நண்பனாகவும் அதற்குப் பிறகு பகைவனாகவும் இருப்பதுதான் தொடக்கநிலையாளர்களைக் குழப்புகிறது.

முதல் சில நாட்களில் ஈஸ்ட் பெருகுவதற்குச் சிறிது ஆக்சிஜன் வேண்டும். அப்போது கால் பங்கு இடம் காலியாக விட்ட அகன்ற பாத்திரத்தில், தூய துணியால் மூடி நொதிக்கவிடலாம். பொங்கி எழும் கார்பன் டை ஆக்சைடு சாற்றின் மேல் ஒரு போர்வை போலப் படர்ந்து அதைக் காக்கிறது. சிவப்பு ஒயினில் தோல்கள் மேலே மிதந்து திரண்டு நிற்கும். அவற்றை நாளுக்கு இரண்டு மூன்று முறை தூய கரண்டியால் உள்ளே அமிழ்த்த வேண்டும். நிறமும் துவர்ப்பும் தோலிலிருந்துதான் இறங்குகின்றன என்பது ஒரு காரணம். மேலே உலர்ந்து கிடக்கும் தோல் காடிப் பாக்டீரியாக்களுக்குச் சொகுசான மெத்தை என்பது அதைவிட முக்கியமான காரணம்.

ஐந்து முதல் ஏழு நாட்களில் பொங்குதல் அடங்கியதும் நிலைமை தலைகீழாகிறது. போர்வை விலகிவிடுகிறது. அசிட்டிக் அமிலப் பாக்டீரியாக்கள் மதுச்சாரத்தையும் ஆக்சிஜனையும் கொண்டே காடியை உண்டாக்குகின்றன. ஆக்சிஜனை மறுத்தால் அவற்றால் பெருக முடியாது. ஆகவே இந்தக் கட்டத்தில் தோலைப் பிழிந்து நீக்கி, ஒயினைக் குறுகிய கழுத்துள்ள கண்ணாடிக் குடுவைக்கு மாற்றி, கழுத்துவரை நிரப்பி, உள்ளிருக்கும் வாயுவை வெளியே விட்டு வெளிக்காற்றை உள்ளே விடாத ஏர்லாக் குழாயைப் பொருத்த வேண்டும். உங்கள் கடிதத்தில் பாத்திரம் பாதிதான் நிறைந்திருந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். தவறு அதுவே. நானும் முதல் முறை அரைக் குடுவை ஒயினைத் துணியால் கட்டி இரண்டு வாரம் மறந்துபோய், கடைசியில் ஊறுகாய் போடுவதற்குத்தான் அதைப் பயன்படுத்தினேன்.

பின்னர் அடியில் கசடு படியப் படிய, அதைக் கலக்காமல் தெளிந்த ஒயினை மட்டும் மெல்லிய குழாய் வழியே வேறு குடுவைக்கு இறக்க வேண்டும். குழாயின் முனை குடுவையின் அடியைத் தொட்டிருந்தால் ஒயின் தெறிக்காது, காற்றும் கலக்காது. நொதித்தல் முற்றிலும் முடிந்த பிறகு ஒவ்வொரு முறை இறக்கும்போதும் கெடுதலைத் தடுக்கும் சல்பைட்டு உப்பான பொட்டாசியம் மெட்டாபைசல்பைட்டைச் சிறிது சேர்ப்பது பாதுகாப்பு. அதன் எடையில் ஏறத்தாழ 57 விழுக்காடு கந்தக டை ஆக்சைடு என்பதால், லிட்டருக்கு 50 மில்லிகிராம் கந்தக டை ஆக்சைடு வேண்டுமென்றால் 5 லிட்டருக்கு இந்த உப்பு 0.44 கிராம் போதும். இதைக் கண்மதிப்பில் போடக் கூடாது. நுண்ணிய தராசு இல்லாதவர்கள் அளவிடப்பட்ட மாத்திரைகளாக வாங்கிக்கொள்ளலாம். ஆஸ்துமா உள்ளவர்கள் சிலருக்கு சல்பைட்டு ஒத்துக்கொள்ளாது என்பதால், அந்த ஒயினைப் பிறருக்குக் கொடுக்கும்போது சொல்லிவிட வேண்டும்.

காடியான ஒயினை மீண்டும் ஒயினாக்க வழியில்லை. காடியாகவே பயன்படுத்துங்கள். ஆனால் அந்தக் குடுவையை அடுத்த ஒயினுக்கு அருகே வைக்காதீர்கள்.

கேள்வி: குமிழி வருவது நின்றுவிட்டது. புட்டியில் அடைக்கலாமா?

பதில்: குமிழி நின்றது சான்றாகாது. அறை குளிர்ந்தாலும் ஈஸ்ட் உறங்கிவிடும், மூடி சரியாகப் பொருந்தாவிட்டாலும் வாயு வேறு வழியே போய்விடும். ஹைட்ரோமீட்டர் சில நாட்கள் இடைவிட்டுப் பார்த்தும் ஒரே அளவைக் காட்ட வேண்டும், அந்த அளவும் 1.000க்குக் கீழே இருக்க வேண்டும். புட்டிக்குள் லிட்டருக்கு 24 கிராம் சர்க்கரை நொதித்தாலே ஷாம்பெயின் புட்டியில் உள்ளதற்கு இணையாக, ஏறத்தாழ 6 வளிமண்டல அழுத்தம் உண்டாகும். சாதாரணப் புட்டி அதற்காகச் செய்யப்பட்டதல்ல, வெடித்தால் கண்ணாடிச் சில்லுகள் அறை முழுவதும் பறக்கும். இனிப்பான ஒயின் விரும்புகிறவர்கள் முதலில் முழுவதும் நொதிக்கவிட்டு, தெளிந்த பிறகு பொட்டாசியம் சார்பேட்டையும் சல்பைட்டையும் சேர்த்து, அதன் பின்னரே இனிப்பூட்ட வேண்டும். சார்பேட்டு ஈஸ்ட் பெருகுவதைத் தடுக்குமே தவிர, நடந்துகொண்டிருக்கும் நொதித்தலை நிறுத்தாது.

கேள்வி: வீட்டில் செய்யும் ஒயினில் மெத்தனால் என்னும் நச்சுச் சாராயம் உண்டாகி உயிருக்கு ஆபத்து வருமா?

பதில்: பழத்திலுள்ள பெக்டின் சிதைவதால் எல்லா ஒயினிலும் மிகச் சிறிய அளவில் மெத்தனால் இருக்கும், கடைகளில் வாங்கும் ஒயினிலும் உண்டு. பழத்தை நொதிக்கவிடுவதால் மட்டும் அது நச்சாகும் அளவை எட்டுவதில்லை. செய்திகளில் வரும் மெத்தனால் சாவுகள் பெரும்பாலும் தொழிற்சாலை மெத்தனாலைக் கலந்த சாராயத்தால் நேர்ந்தவை. ஆனால் ஒயினைக் காய்ச்சி வடிக்க மட்டும் ஒருபோதும் முயலாதீர்கள். அதில் தீப்பிடிக்கும் ஆபத்தும் உண்டு, பெரும்பாலான நாடுகளில் அது குற்றமும்கூட.

கேள்வி: ஒயினைச் சுவைப்பவர்கள் செர்ரி, புகையிலை, தோல் என்று ஏதேதோ மணங்களைச் சொல்கிறார்கள். எனக்கு ஒயின் மணம் மட்டுமே தெரிகிறது. என் மூக்கில் குறையா?

பதில்: குறையில்லை. 2001ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வில், போர்தோ பல்கலைக்கழகத்தில் ஒயினியல் பயின்ற 54 மாணவர்களுக்கு, மணமற்ற சிவப்புச் சாயம் கலந்த வெள்ளை ஒயினைக் கொடுத்தார்கள். அவர்கள் அதைச் சிவப்பு ஒயினுக்குரிய சொற்களாலேயே வருணித்தார்கள். கற்றவர்களின் மூக்கையே கண் ஏமாற்றும்போது நீங்கள் வெட்கப்பட ஒன்றுமில்லை.

மணங்களுக்குப் பெயர் சூட்டும் முன், நாக்கில் உணர்வதைப் பிரித்தறியப் பழகுங்கள். மூன்று குவளைகளை வைத்து, ஒன்றில் சர்க்கரை நீர், ஒன்றில் எலுமிச்சைச் சாறு சில துளிகள் விட்ட நீர், ஒன்றில் நெடுநேரம் ஊறிய பாலில்லாத தேநீர் என ஊற்றி, ஒவ்வொன்றையும் வாயில் சுழற்றிப் பாருங்கள். புளிப்பு வாயில் எச்சிலை ஊறவைக்கிறது. துவர்ப்போ ஈறுகளையும் நாவையும் உலர்த்திப் பிடிக்கிறது. தொடக்கத்தில் பலரும் இந்த இரண்டையும் ஒன்றென எண்ணி, துவர்ப்பான ஒயினைப் புளிப்பென்று சொல்லி, தேவையற்ற சர்க்கரையைக் கொட்டிவிடுகிறார்கள். மதுச்சாரம் தொண்டையில் வெம்மையாகத் தெரியும்.

பின்னர் கோப்பையில் மூன்றில் ஒரு பங்கு ஒயினை ஊற்றி, வெள்ளைத் தாளுக்கு எதிரே சாய்த்து நிறத்தைப் பாருங்கள். சுழற்றாமல் ஒரு முறையும் சுழற்றிய பின் ஒரு முறையும் முகருங்கள். மூக்கு விரைவில் பழகி மரத்துவிடும் என்பதால் முதல் முகர்விலேயே தோன்றியதை எழுதிவிடுங்கள். ஒரு மடக்கை வாய் முழுவதும் பரவவிட்டு, விழுங்கியோ துப்பியோ, சுவை எத்தனை நொடிகள் நிற்கிறது என்று எண்ணுங்கள். தொழிலாகச் சுவைப்பவர்கள் பெரும்பாலும் துப்பவே செய்கிறார்கள்.

ஒயின் செய்பவருக்குச் செர்ரியைக் காட்டிலும் குறைகளின் மணம்தான் முதலில் தெரிந்திருக்க வேண்டும். அழுகிய முட்டை நாற்றம் ஈஸ்ட்டுக்கு ஊட்டம் போதவில்லை என்பதன் அடையாளம். நொதித்தல் நடக்கும்போதே உணர்ந்தால் ஈஸ்ட் ஊட்டம் சேர்த்துச் சரிசெய்யலாம். நகப்பூச்சு வாசனை எழுந்தால் காடிப் பாக்டீரியாக்கள் வந்துவிட்டன. வெட்டி வைத்துப் பழுப்பேறிய ஆப்பிளின் மணம் காற்று அதிகம் பட்டதைச் சொல்கிறது. ஆகவே சுவைத்தலைக் கடைசி நாளுக்கென்று ஒதுக்காமல், கசடு நீக்கி இறக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு மடக்குச் சுவைத்து, தேதியோடு எழுதிவைக்க வேண்டும்.

கேள்வி: சிவப்பு ஒயின் இதயத்துக்கு நல்லதுதானே?

பதில்: அந்தக் காரணத்துக்காகச் செய்யாதீர்கள். எந்த அளவு மதுவும் உடல்நலத்துக்குப் பாதுகாப்பானதல்ல என்று உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் அறிவித்திருக்கிறது.

கேள்வி: எவ்வளவு காலம் காத்திருக்க வேண்டும்?

பதில்: ஒயின் தெளிந்து புட்டிக்குள் போவதற்கே இரண்டு மூன்று மாதங்கள் ஆகும். புதிதாக அடைத்த ஒயின் சில வாரங்களுக்குக் களைத்துப்போனதுபோல் சுவைக்கும், அதைக் கண்டு முழுவதையும் கொட்டிவிட வேண்டாம். 5 லிட்டரிலிருந்து கிடைக்கும் ஆறு புட்டிகளில் ஒன்றை மூன்றாம் மாதத்திலும் அடுத்ததை ஆறாம் மாதத்திலும் திறந்து, முந்தைய குறிப்போடு ஒப்பிட்டுப் பாருங்கள். உண்ணும் திராட்சையில் துவர்ப்பு குறைவு என்பதால் அந்த ஒயினை ஓராண்டுக்கு மேல் வைத்திருந்து பெறப்போவது அதிகமில்லை. தக்கை மூடி என்றால் புட்டியைப் படுக்கவைத்து, திருகு மூடி என்றால் நிறுத்தியே வைத்து, வெளிச்சம் படாத, சூடேறாத இடத்தில் வையுங்கள்.