ராத்திரி 2 மணிக்கு வரும் முழிப்பு

கேள்வி: எனக்கு 47 வயது. நாலைந்து மாதமாகவே ராத்திரி 2 மணிக்கு முழிப்பு வந்தால் அதோடு சரி, விடிகிற வரை புரண்டுகொண்டே கிடக்கிறேன். பகலில் பிள்ளைகள் மேல் எரிந்து விழுகிறேன். நார்மலாக இருந்த பிரஷர் இப்போது 150/94. தூக்கம் கெட்டதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா? பக்கத்து வீட்டு அக்கா தன் தூக்க மாத்திரையில் பாதி தருகிறேன் என்கிறார், போடலாமா?
- வாசகி, திண்டுக்கல்

பதில்: போடாதீர்கள். அல்பிரசோலம் மாதிரியான தூக்க மாத்திரைகளைச் சில வாரம் தொடர்ந்து போட்டாலே உடம்பு பழகிவிடும், அப்புறம் சட்டென நிறுத்தினால் இப்போது வருகிற தூக்கமும் போய்விடும்.

சம்பந்தம் உண்டு. அசந்து தூங்கும்போது பிரஷர் பகலைவிட 10 முதல் 20 சதவீதம் இறங்கும், இதயத்துக்கும் ரத்தக்குழாய்களுக்கும் கிடைக்கிற ஓய்வு அதுதான். முழித்துக் கிடந்தால் அது சரியாகக் கிடைக்காது, இன்சுலின் மந்தமாகி சர்க்கரையும் மெல்ல ஏறும், பசி ஹார்மோன் கூடி நேரங்கெட்ட நேரத்தில் பிஸ்கெட் டப்பாவைத் தேட வைக்கும். பிள்ளைகள் மேல் எரிந்து விழுவதை உங்கள் குணம் என்று நினைத்து வருந்தாதீர்கள். தூங்காத மூளையால் கோபத்தை அடக்க முடியாது. இதை வளரவிட்டால் மனச்சோர்வில் கொண்டுபோய் விடும், மனச்சோர்வு வந்தால் இருக்கிற தூக்கமும் கெடும்.

வாரத்தில் 3 ராத்திரியாவது, 3 மாதத்துக்கு மேல் இப்படி என்றால் அது நாள்பட்ட தூக்கமின்மை. 'வயசானால் இப்படித்தான்' என்று யாராவது சொன்னால் காதில் வாங்காமல் டாக்டரைப் பாருங்கள். உடம்பு திடீரென்று சூடாகி வேர்த்து முழிப்பு வருகிறதா (மாதவிடாய் நிற்கும் வயதில் இது சகஜம்), பலமாகக் குறட்டை விடுகிறீர்களா என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள். தைராய்டு, சர்க்கரை இரண்டையும் பார்த்துவிடுங்கள், பிரஷரைத் தனியாகவும் கவனிக்க வேண்டும்.

இதற்கு முதல் சிகிச்சை மாத்திரை இல்லை, சிபிடி-ஐ என்கிற பழக்க மாற்றப் பயிற்சி. அதில் ஒரு பகுதியை இன்றைக்கே தொடங்கலாம். படுத்து 20 நிமிடம் போல ஆகியும் தூக்கம் வரவில்லையா, எழுந்து ஹாலுக்குப் போய் மங்கலான வெளிச்சத்தில் உட்காருங்கள், செல்போன் வேண்டாம், மணியும் பார்க்க வேண்டாம், கண் சொக்கினால் மட்டும் கட்டிலுக்குத் திரும்புங்கள். எத்தனை மணிக்குத் தூங்கியிருந்தாலும் காலையில் ஒரே நேரத்துக்கு எழுந்திருக்க வேண்டும், ஞாயிற்றுக்கிழமையும்தான். முதல் வாரம் பாடாய்ப் படுத்தும், விட்டுவிடாதீர்கள். மதியத் தூக்கமும் சாயங்காலக் காபியும் கூடவே கூடாது. குடித்து ஐந்தாறு மணி நேரம் ஆனாலும் காபியின் வீரியம் பாதிதான் இறங்கியிருக்கும்.

மனசு தாங்கவில்லை, வாழவே பிடிக்கவில்லை என்று தோன்றினால் அப்பாயின்ட்மென்டுக்காகக் காத்திருக்காதீர்கள். டெலி மானஸ் என்கிற அரசின் மனநல உதவி எண் 14416, இலவசம், எந்நேரமும் தமிழிலேயே பேசலாம்.