களியக்காவிளைக் கடை லாகில் விடிகாலை 'அபார்ட்டட் கனெக்‌ஷன்' வார்னிங்

களியக்காவிளைக் கடையின் டேட்டாபேஸ் லாகில் விடிகாலையில் இணைப்பு முறிந்ததாக வார்னிங் வருகிறது, பாறசாலைக் கிளையின் கேபிளை மாற்றலாமா என்று கேட்டிருந்தீர்கள். மாற்ற வேண்டாம். நீங்கள் காட்டிய 'காட் டைம்அவுட் ரீடிங் கம்யூனிகேஷன் பாக்கெட்ஸ்' (தகவல் வருமென்று காத்திருந்து நேரம் முடிந்தது) என்ற வரி, லைன் அறுந்ததைச் சொல்லவில்லை. சும்மா கிடந்த இணைப்பை உங்கள் டேட்டாபேஸான மரியாடிபியே மூடிவிட்டது, அவ்வளவுதான்.

சும்மா கிடக்கும் இணைப்பை அது எவ்வளவு நேரம் விட்டுவைக்கும் என்பதற்கான அமைப்பு வெயிட்_டைம்அவுட். அது, நாம் மாற்றாதவரை 28800 விநாடி, அதாவது 8 மணி நேரம். கடைசி பில் இரவு எட்டரைக்கு, வார்னிங் விடிகாலை நாலரைக்கு. கணக்கு சரியாக இருக்கிறதே! பில்லிங் மென்பொருளை மூடாமல் யாரோ நேராக யுபிஎஸ்ஸை அணைக்கிறார்கள் என்று நினைக்கிறேன். எங்கள் செங்கோட்டைக் கடையிலும் இதே பழக்கம்தான். நான் ரவுட்டரையே மாற்றிவிட்டு அசடு வழிந்தேன்.

இன்றிரவு எல்லாக் கணினியிலும் மென்பொருளை முறையாக மூடச் சொல்லுங்கள். மூடியதும் ஒருமுறை, காலையில் ஒருமுறை மரியாடிபியில் 'ஷோ குளோபல் ஸ்டேட்டஸ்' கட்டளை போட்டு, முறையாக மூடாமல் முறிந்த இணைப்புகளின் எண்ணிக்கையான அபார்ட்டட்_கிளையன்ட்ஸ் ஏறியிருக்கிறதா பாருங்கள். பக்கத்திலுள்ள அபார்ட்டட்_கனெக்ட்ஸ் வேறு சங்கதி. உள்ளே நுழையவே முடியாமல் போனவற்றின் கணக்கு அது.

தொல்லை என்று வெயிட்_டைம்அவுட்டை 60 விநாடிக்குக் குறைத்துவிடாதீர்கள். டீ குடித்து வருவதற்குள் இணைப்பு போயிருக்கும். அப்புறம், வியாபார நேரத்தில் 'டைம்அவுட்' இல்லாமல் 'எரர்' என்று வந்தால் நான் சொன்னது பொருந்தாது. அப்போது லைனையும், ஒரே தடவையில் அனுப்பக்கூடிய தகவலின் உச்ச வரம்பான மேக்ஸ்_அலவுட்_பாக்கெட் அளவையும் பாருங்கள்.