கேள்வி பதில்: அமெரிக்க இலக்கியத்தை எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: எம்.ஏ. ஆங்கிலம் படிக்கிறேன். ஆரம்பகால அமெரிக்க இலக்கியத்தில் பியூரிட்டன் காலம், பகுத்தறிவுக் காலம், ரொமாண்டிசிசம் மூன்றும் குழம்புகின்றன. எப்படிப் பிரித்துப் படிப்பது?
- வாசகி, திருவல்லிக்கேணி

பதில்: கதை நடக்கும் காலத்தை வைத்துப் பிரிப்பதால்தான் குழப்பம். ஹாத்தார்னின் 'தி ஸ்கார்லெட் லெட்டர்' 17ஆம் நூற்றாண்டு பாஸ்டனில் நடக்கிறது, வெளிவந்ததோ 1850இல். அது ரொமாண்டிசிசம், அதாவது உணர்ச்சியையும் கற்பனையையும் முன்னிறுத்திய போக்கு. பியூரிட்டன்களை, அதாவது அங்கே குடியேறிய கண்டிப்பான கிறித்தவச் சமயப் பிரிவினரை, அது வெளியே நின்று விசாரிக்கிறது. எனவே நூல் வெளியான ஆண்டை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

பியூரிட்டன் மனத்தை உள்ளிருந்து அறிய, பியூரிட்டன் கவிஞர் ஆன் பிராட்ஸ்ட்ரீட் போதும். 1666இல் வீடு எரிந்ததைப் பற்றிய கவிதையில், பெட்டி இருந்த இடம், விருந்தினர் அமர்ந்த மேசை என்று ஏங்கிக்கொண்டே வருபவர், சட்டென்று 'எல்லாம் மாயை' எனத் தன்னையே கண்டிக்கிறார். அந்தத் திருப்பத்தைக் கட்டாயம் மேற்கோள் காட்டுங்கள்.

பகுத்தறிவுக் காலத்துக்கு பிராங்க்ளினின் சுயசரிதை, தாமஸ் பெய்னின் 'காமன் சென்ஸ்' (1776). அடுத்து ரொமாண்டிசிசத்துக்கு எமர்சனின் 'நேச்சர்' (1836), தோரோவின் 'வால்டன்' (1854), விட்மனின் 'லீவ்ஸ் ஆஃப் கிராஸ்' (1855). விட்மனுக்கு முதல் பதிப்பையே தேடுங்கள். அதில் பன்னிரண்டு கவிதைகள்தான், பிற்காலப் பதிப்புகள் பல மடங்கு பெருத்தவை. அடிமையாக இருந்து தப்பிய பிரடெரிக் டக்ளஸின் தன்வரலாற்றை (1845) விட்டுவிடாதீர்கள். அடிமைமுறையைத் தொடாத விடை அரைகுறைதான்.