ஒல்லாந்தர் கதிரையா? முதலில் கவிழ்த்துப் பாருங்கள்

திருகோணமலையில் பழைய தளபாடம் திருத்துவது என் தொழில். வீட்டுக்குள் கிடக்கும் பழஞ்சாமான்களைப் பற்றிக் கேளுங்கள் என்று சொன்னதும் கதிரை, கண்ணாடி, தரை, சுவாமிப்படம் என்று கேள்விகள் வந்து குவிந்துவிட்டன. பாதிக்கு மேற்பட்டவற்றில் "ஒல்லாந்தர் காலத்து" என்ற சொல் இருக்கிறது. ஒல்லாந்தர் இந்த ஊர்க் கோட்டையை ஆங்கிலேயரிடம் பறிகொடுத்தது 1795இல். அதற்கு முந்தியது என்று நான் துணிந்து சொல்லக்கூடிய மரச்சாமான் ஊரில் மிகக் குறைவு. நீங்கள் அனுப்பிய படங்களில் பெரும்பாலானவை 1880க்கும் 1940க்கும் இடைப்பட்டவை. "ஒல்லாந்தர்" என்பது அநேகமாக வியாபாரிகள் ஒட்டும் லேபல்.

கேள்வி (உவர்மலை): மாஸ்டர், அப்பப்பாவின் கதிரை ஒன்று இருக்கிறது. கன்னங்கரேல் என்ற மரம், முதுகில் முறுக்குக் கம்பி மாதிரிக் கடைசல், இருக்கை நல்ல தாழ்வு. கொழும்பிலிருந்து வந்த ஒருவர் "ஒல்லாந்தர் கருங்காலி" என்று சொல்லி விலை கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: விலையைப் பிறகு பார்ப்போம். முதலில் கதிரையைக் கவிழ்த்து வையுங்கள். தச்சன் முன்பக்கத்தை உங்களுக்காகச் செய்வான், அடிப்பக்கத்தைத் தன் வசதிக்குச் செய்வான். அதனால் அடிப்பக்கம் பொய் சொல்லாது.

முறுக்குக் கடைசல் வைத்த தாழ்ந்த கருங்காலிக் கதிரைகள் 17ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் சோழமண்டலக் கரையிலும் இலங்கையிலும் செய்யப்பட்டவை என்பது உண்மைதான். அவை கப்பலேறி இங்கிலாந்துக்கும் போயின. அடுத்த நூற்றாண்டில் ஹொரஸ் வால்போல் என்ற பிரபு அவற்றைப் பழைய ஆங்கிலேய அரசர் காலத்துக் கதிரைகள் என்று நம்பி வாங்கித் தன் ஸ்ட்ரோபெரி ஹில் மாளிகையில் அடுக்கினார். அவரைப் பார்த்து மற்றச் சீமான்களும் வாங்கினார்கள். நம் கரையில் கடைந்த மரம் அங்கே அவர்களுடைய முப்பாட்டன் சொத்தாகிவிட்டது! ஆகவே ஏமாறுவது நாம் மட்டுமல்ல.

சிக்கல் என்னவென்றால், 19ஆம் நூற்றாண்டிலும் கருங்காலித் தளபாடம் இலங்கையில், முக்கியமாகக் காலியில், ஏராளமாகச் செய்யப்பட்டது. கறுப்பும் முறுக்கும் இருந்தால் மட்டும் போதாது. திருகாணி ஒன்றைக் கழற்றிப் பாருங்கள். நுனி மொட்டையாகவும் மரை ஒழுங்கில்லாமலும் இருந்தால் அது கையால் அராவியது, பழசு. நுனி கூராக இருந்தால் அது இயந்திர ஆணி. 1850களுக்குப் பிறகுதான் அப்படிப்பட்டது பெருவாரியாக வந்தது. (இடையில் யாரோ ஆணி மாற்றியிருக்கலாம். ஆகவே ஒன்றை நம்பாமல் நாலைந்தைக் கழற்றுங்கள்.) அடுத்தது வாள் தடம். கைவாள் நேர்கோடாகத் தடம் விடும், வட்டவாள் வளைகோடாக விடும். வளைகோடு கண்டால் ஒல்லாந்தரை மறந்துவிடலாம்.

கடைசியாக மரம். கண்ணுக்குப் படாத இடத்தில் கத்தி நுனியால் மெல்லச் சுரண்டுங்கள். உள்ளே மண்ணிறம் தெரிந்தால் அது சாயம் ஏற்றிய வேறு மரம். கருங்காலியின் வைரம் (மரத்தின் நடுக்கட்டை) உள்ளேயும் கறுப்பு, தண்ணீரில் போட்டால் தாழும்.

படத்தைப் பார்த்த அளவில் உங்களுடையது 19ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதி என்று நினைக்கிறேன். ஆனால் மரம் அசல் போலத்தான் தெரிகிறது. அவசரப்பட்டுக் கொடுக்காதீர்கள்.

கேள்வி (கிண்ணியா): வெளிநாட்டில் ஒரு மரத்துக்கு "திருகோணமலை மரம்" என்றே பெயர் இருக்கிறதென்று எங்கட வாப்பா சொல்லுவார். மரக்காலையில் கேட்டால் சிரிக்கிறார்கள். மெய்யா மாஸ்டர்?

பதில்: மெய்தான் தம்பி, சிரித்தவர்கள் அந்த மரத்தின் மேலேயே உட்கார்ந்திருந்திருப்பார்கள். நாம் சமண்டலை, சாவண்டலை என்பதும், சிங்களத்தில் ஹல்மில்ல என்பதும் அதுதான். தாவரநூல் பெயர் பெர்ரியா கோர்டிஃபோலியா. இந்தத் துறைமுகத்தால் ஏற்றுமதியானதால் ஆங்கிலேய மர வியாபாரிகள் ஊர்ப் பெயரையே வைத்துவிட்டார்கள். உறுதியானது, ஆனால் வளைந்து கொடுக்கும். சென்னைக் கரையில் அலையோடு மோதிய மசூலாப் படகுகளுக்கு இதன் பலகை போனது. பீப்பாய்க்கும் வண்டிக்கும் பயன்பட்டது.

வீட்டுக்குள் ராசா என்றால் முதிரை. ஊரின் நல்ல கட்டில், அலுமாரி எல்லாம் முதிரைதான். பொன் நிறத்தில் அலையடிக்கும் அந்த ரேகைக்கு மயங்கி 18ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து இங்கிலாந்துத் தச்சர்கள் அதை மெல்லிய தகடாகச் சீவி மேசை முகப்புகளில் ஒட்டினார்கள். நாம் அதே மரத்தை முழுப் பலகையாகப் போட்டுக் கட்டில் செய்து படுத்தோம். சீவுகிறவர்களுக்கு ஒரு சொல்: அதன் தூள் தோலைக் கடிக்கும், முகத்தை மூடிக்கொள்ளுங்கள்.

பாலை மரம் கூரையின் வளைகளுக்கும் தீராந்திகளுக்கும் போனது. இவை தவிர, கபில நிறத்தில் கறுப்புக் கோடு ஓடும் கலமந்தர் என்ற மரம் இருந்தது. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே வெட்டித் தீர்த்துவிட்டார்கள். யாராவது கலமந்தர் பெட்டகம் வைத்திருந்தால் எனக்குக் கண்ணில் காட்டினால் போதும்.

கேள்வி (லண்டன்): அம்மம்மா வீட்டு மேசையின் அடியில் கோழிக்கால் மாதிரி மூன்று கோடுகள், பக்கத்தில் கிரீடமும் ஜி, VI, ஆர் என்ற எழுத்துகளும் சுட்டிருக்கின்றன. தாத்தா டொக்யார்ட்டில் வேலை செய்தவர். என்ன குறி இது?

பதில்: கோழிக்கால் அல்ல மகள், அம்பு நுனி. பிரிட்டிஷ் அரச உடைமைக் குறி. கடற்படைப் பண்டங்களில் நூற்றாண்டுக் கணக்காகப் போடப்பட்டது. அந்தக் குறியுள்ள பொருளைத் தனியார் வைத்திருந்தால் குற்றம் என்று 17ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே சட்டம் வந்துவிட்டது. பயப்படாதீர்கள், லண்டனில் உங்கள் கதவை யாரும் தட்டமாட்டார்கள். எழுத்து ஆறாம் ஜோர்ஜ் மன்னருடையது. ஆகவே மேசை 1936க்கும் 1952க்கும் இடையில் செய்தது. யப்பான் விமானங்கள் 1942 சித்திரை 9ஆம் தேதி இந்தத் துறைமுகத்தில் குண்டு போட்ட அந்தக் காலந்தான். 1957இல் பிரிட்டிஷ் கடற்படை தளத்தை ஒப்படைத்துவிட்டுப் போனது. இப்படிக் குறியுள்ள மேசை, இழுப்பறை, இரும்புக் கட்டில் ஊரில் பல வீடுகளில் இருக்கின்றன.

என் கண்ணுக்கு இந்த மேசைகள் முறுக்குக் கடைசலைவிட மேல். அலங்காரம் ஒன்றுமில்லை, ஆனால் இழுப்பறை மூலையைப் பாருங்கள், புறாவின் வால் போல வெட்டிக் கோத்த பொருத்து இன்றைக்கும் அசையாது.

கேள்வி (திருஞானசம்பந்தர் வீதி): எங்கள் பழைய வீட்டு மண்டபத்தில் வளையில் வரிசையாக இரும்புக் கொளுக்கிகள். சுவரில் உயரத்தில் ஒரு சின்ன ஓட்டை. தொட்டில் கட்டவா?

பதில்: தொட்டிலுக்கு எதற்குச் சுவரில் ஓட்டை? அது பங்கா. நீளமான மரச்சட்டத்தில் துணி கட்டித் தொங்கவிட்டு, கயிற்றை அந்த ஓட்டையால் வெளியே எடுத்திருப்பார்கள். விறாந்தையில் ஒருவன் குந்தியிருந்து நாள் முழுக்க இழுப்பான். உள்ளே துரைக்குக் காற்று, வெளியே அவனுக்கு வியர்வை. ஓட்டைக்குள் விரலை விட்டுப் பாருங்கள், கப்பி இருந்த தேய்மானம் தெரியலாம். மின்விசிறி வந்ததும் பங்கா மறைந்தது. கொளுக்கிகளைக் கழற்றாதீர்கள், அந்த மண்டபத்தில் யார் இருந்து சாப்பிட்டார்கள் என்பதற்கு அதுதான் சாட்சி.

கேள்வி (அதே வீட்டிலிருந்து): கூரை ஓட்டின் அடியில் 1865 என்று இருக்கிறது. அப்போ வீடு 1865இல் கட்டியதா?

பதில்: இல்லை. மங்களூரில் பாசல் மிஷன் என்ற கிறிஸ்தவ மிஷனரிச் சங்கம் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய ஆண்டு அது. பிறகு பல பத்தாண்டுகளுக்கு அச்சில் அதே இலக்கம் கிடந்தது. இதை நம்பி வீட்டு வயதைச் சொல்கிற பலரைப் பார்த்திருக்கிறேன்.

கேள்வி (தம்பலகாமம்): சிவப்புச் சீமெந்துத் தரை வெடித்துவிட்டது. மகன் ரைல்ஸ் பதிக்கச் சொல்கிறான்.

பதில்: மகனைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள். சீமெந்தோடு இரும்புச் செந்தூள் கலந்து, ஈரம் காயுமுன் கரண்டியால் மணிக்கணக்காகத் தேய்த்து ஏற்றிய மினுக்கம் அது. அப்படித் தேய்க்கிற மேசன்மார் இப்போது அருமை. மயிர்க்கோடு மாதிரி வெடிப்பென்றால் விட்டுவிடுங்கள், அது தரைக்கு வயதானதன் அடையாளம். பெரிய வெடிப்புக்கு மட்டும் அதே நிறத்தில் கலந்து அடையுங்கள். பிறகு சிவப்புப் பொலிஷ் போட்டுத் தேங்காய் மட்டையால் தேய்த்தால் ஒரு மாதத்தில் முகம் தெரியும்.

சுவரடியில் பூப்போட்ட பளபளப்பு ஓடு பதித்த வீடுகளும் இருக்கின்றன. உடைந்த ஒன்றின் பின்புறத்தைப் பார்த்தால் நாடு தெரியும். இங்கிலாந்து ஓடு என்று நினைப்பதில் பல யப்பானில் செய்தவை; இரண்டு உலகப் போர்களுக்கும் இடையில் அவை மலிவாக இந்தப் பக்கமெல்லாம் வந்தன.

கேள்வி (நிலாவெளி): ஆச்சியின் பெரிய நிலைக்கண்ணாடி கரும்புள்ளி விழுந்துவிட்டது. ரசத்தைச் சுரண்டிப் புதிதாகப் பூசலாமா?

பதில்: சுரண்டாதீர்கள்! முதலில் பின்பலகையைக் கழற்றிப் பாருங்கள். செம்மண் நிறத்தில் பூச்சு இருந்தால் அது வெள்ளி பூசிய கண்ணாடி. லீபிக் என்ற ஜெர்மன் இரசாயனவியலாளர் 1835இல் கண்டுபிடித்த வழி. பின்புறம் சாம்பல் நிறத்தில் தகரம் போலத் தெரிந்தால் அது பழைய முறை, தகரத்தோடு பாதரசம். பாதரசம் நஞ்சு. குழந்தைகள் உள்ள வீட்டில் அதைக் கிளறவே கூடாது. எந்த வகை என்றாலும் புள்ளியோடு வைத்திருக்கத்தான் சொல்வேன். முகம் பார்க்கப் புதுக் கண்ணாடி வாங்கலாம்.

கேள்வி (மூதூர்): பூசையறையில் இரவிவர்மாவின் லட்சுமி படம் இருக்கிறது. அவர் கையால் வரைந்ததா?

பதில்: அச்சுப் படம். இரவிவர்மா 1894இல் பம்பாயில் அச்சகம் தொடங்கினார். 1899இல் அது மலவ்லிக்குப் போய், அடுத்த சில ஆண்டுகளில் ஷ்லைகர் என்ற ஜெர்மன்காரர் கைக்கு மாறியது. நிறத்துக்கு ஒரு கல் வைத்து, ஒன்றன்மேல் ஒன்றாக அச்சடித்தார்கள். பூதக்கண்ணாடியால் பாருங்கள்: மணல் தூவியது போல ஒழுங்கில்லாத மணிகள் தெரிந்தால் கல்லச்சு, ஒரே அளவாகப் புள்ளிகள் வரிசை கட்டினால் பிற்காலப் பிரதி. சிலர் சேலைக் கரையில் சரிகை ஒட்டி வைப்பார்கள். உங்கள் படத்தில் அப்படி இருந்தால் எடுத்துவிடாதீர்கள், ஒட்டிய கையும் அந்தப் படத்தின் சரித்திரந்தான்.

கேள்வி (பாலையூற்று): எங்கள் பாட்டனார் பறங்கித் தச்சர். அந்தத் தொழிலாளிகளைப் பற்றி யாரும் பேசுவதில்லையே?

பதில்: நியாயமான குறை. மட்டக்களப்பிலும் இங்கும் போர்த்துக்கேயப் பறங்கியர் தச்சும் கொல்லும் பரம்பரையாகச் செய்தவர்கள். கிழக்கில் தமிழ் ஆசாரிமாரும் முஸ்லிம் ஓடாவிமாரும் இருந்தார்கள். நாம் ஒல்லாந்தருக்கும் ஆங்கிலேயருக்கும் எழுதிக்கொடுக்கிற சாமான்களைச் சீவியது இந்தக் கைகள்தான். பாட்டனாரின் உளி, சீவுளி இருந்தால் பிடியைப் பாருங்கள். தச்சர்மார் தங்கள் பெயரின் முதலெழுத்தை அதில் வெட்டி வைப்பதுண்டு.

கேள்வி (ரொறன்ரோ): வளைத்த மரக் கதிரைகள் நாலு, தோனெட் என்று அடியில் ஒட்டியிருக்கிறது. கனடாவுக்குக் கொண்டு வரலாமா? சட்டச் சிக்கல் உண்டா?

பதில்: வியன்னாவில் மிக்கேல் தோனெட் 1859இல் வெளியிட்ட 14ஆம் இலக்கக் கதிரையின் வகை. பீச் மரத்தை ஆவியில் வேகவைத்து வளைத்தது. ஆறு மரத்துண்டு, பத்துத் திருகாணி, இரண்டு சுரை (நட்). கழற்றி அடுக்கினால் ஒரு கன மீற்றர் பெட்டிக்குள் 36 கதிரை போகும். கடல் கடந்து இத்தனை தூரம் மலிவாக வந்தது அதனால்தான். பீச் மரம் நம்மூர்க் கறையானுக்கு விருந்து, கால்களைத் தட்டிப் பார்த்துவிட்டு அனுப்புங்கள்.

சட்டம்: 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டப்படி 1815 மார்ச் 2க்கு முந்திய பொருளை அனுமதியில்லாமல் நாட்டுக்கு வெளியே கொண்டுபோக முடியாது. தோனெட் அதற்குப் பிந்தியது. இருந்தாலும் பழசாகத் தெரிகிற எதையும் ஏற்றுமுன் தொல்பொருள் திணைக்களத்தில் கேட்டுக் கடிதம் வாங்குங்கள். சுங்கத்தில் நின்று விளக்கம் சொல்வதைவிட அது சுகம்.

கேள்வி (சாம்பல்தீவு): சாய்மனைக் கதிரைக்கு வாணிஷ் அடிக்கலாமா?

பதில்: வேண்டாம். பழைய மினுக்கம் அநேகமாக ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கு. மறைவான இடத்தில் ஸ்பிரிட் தொட்ட பஞ்சை வையுங்கள், பிசுபிசுத்தால் அரக்குத்தான். துணிப்பொட்டலத்தால் அதே அரக்கை மெல்லிய பூச்சாகப் பலமுறை ஏற்றினால் போதும், சுரண்டவே தேவையில்லை. பிரம்பு இருக்கையை மட்டும் கீழ்ப்பக்கமாக ஈரத்துணியால் துடைத்து நிழலில் காயவிடுங்கள், தொய்வு ஓரளவு இறுகும். வேலையை மாசிக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்; மார்கழி ஈரத்தில் அரக்கு வெள்ளை பூத்துவிடும்.